தலைக்கட்டு வரியும் பழைய கோயிலும்

கோயில் யாருக்குச் சொந்தம் என்று நம் ஊர்ப்பக்கம் கேட்டால் நீளமாக விளக்கம் சொல்லமாட்டார்கள். "வரி கட்டுறவங்களுக்கு" என்று முடித்துவிடுவார்கள். இந்துக் கோயில் கொடைக்கும் அதுதான் கணக்கு, மாதா கோயில் திருவிழாவுக்கும் அதுதான் கணக்கு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள். வீடு வீடாக நோட்டுப் புத்தகம் வரும். அந்த நோட்டில் பெயர் இருந்தால் ஊரில் பேச வாய் உண்டு. பெயர் இல்லையென்றால் கோயிலுக்குள் போகலாம், கும்பிடலாம், காணிக்கைப் பெட்டியில் காசு போடலாம். ஆனால் கணக்குக் கேட்க முடியாது.

நகரத்து ஆட்களுக்கு இது விளங்குவது கடினம். வரி கட்டச் சொன்னால்தானே தொல்லை, வேண்டாம் என்றால் லாபம்தானே என்பார்கள். கிராமத்தில் அப்படியல்ல. தலித் தெருவுக்கு வரி நோட்டு வராமல் இருப்பதே தள்ளிவைப்பு. "எங்ககிட்ட வரி வாங்கிட்டா நாளைக்கு நாங்களும் கமிட்டியில உக்காரணும்லா, சப்பரம் எங்க தெருவுக்கும் வரணும்லா" என்று காலனிப் பக்கம் சொல்லும் பேச்சில் முழு விஷயமும் இருக்கிறது.

பழைய கிறிஸ்தவத் திருத்தலங்களையும் ஆலயங்களையும் சீரமைப்பது பற்றி இப்போது பேச்சு கூடியிருக்கிறது. அரசு மானியமும் கூடியிருக்கிறது. இந்த நேரத்தில் சுவரையும் கூரையையும் பற்றி மட்டும் பேசினால் போதாது என்று நினைக்கிறோம். பணம் யாரிடமிருந்து வாங்கப்படுகிறது, யாரிடமிருந்து வாங்கப்படுவதில்லை என்பதையும் பேச வேண்டும்.

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசுதான் எல்லோருக்கும் நினைவு வரும். இதே வட்டாரத்துக்கு முந்நூறு ஆண்டுக் கிறிஸ்தவ வரலாறும் உண்டு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சரியாகச் சொல்லப்படுவதில்லை. சதுரகராதி தந்தவர், தேம்பாவணி பாடியவர் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே வீரமாமுனிவர், அவர் இத்தாலியிலிருந்து 1710-இல் கோவாவுக்கு வந்து, மறு ஆண்டு மதுரை மிஷனுக்குள் காலெடுத்து வைத்தவர். அவருடைய தொடக்க காலப் பணி நம் பக்கத்தில்தான். காமநாயக்கன்பட்டி, கயத்தாறு, குருக்கள்பட்டி என்று சுற்றியிருக்கிறார். 1714-ஐ ஒட்டிய ஆண்டில் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. ஏலாக்குறிச்சிக்கும் கோணான்குப்பத்துக்கும் அவர் போனது அதற்குப் பிறகு. தேம்பாவணி வந்தது 1726-இல்.

காமநாயக்கன்பட்டி இன்று தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி வட்டம். சங்கரன்கோவிலில் இருந்து கழுகுமலை வழியாகப் போகலாம். அங்குள்ள பரலோக மாதா கோயில் இந்தப் பகுதியின் மிகப் பழைய கத்தோலிக்கத் திருத்தலங்களில் ஒன்று. ஆகஸ்ட் 15-ஆம் தேதி நாடு கொடியேற்றும்போது அங்கே மாதாவின் விண்ணேற்புத் திருவிழா. நடந்து வருபவர்கள், வேனில் வருபவர்கள், நேர்த்திக்கடனாகத் தேருக்குப் பின்னால் விழுந்து கும்பிட்டு வருபவர்கள் என்று கூட்டம் நிறையும். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வருவார்கள். தலித் மக்களும் வருகிறார்கள்.

போகிற வழியில் இருக்கும் கழுகுமலையையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1895-இல் அந்த ஊரின் தேரோடும் வீதியில் கத்தோலிக்கம் தழுவிய நாடார்கள் வைத்திருந்த சிறு ஜெபவீட்டையும், பங்குனித் தேரையும் முன்னிட்டு வெடித்த கலவரத்தில் உயிர்கள் போயின. ஒரு வீதியில் யார் நடக்கலாம், யாருடைய சாமி வரலாம் என்ற கேள்வி நம் வட்டாரத்தில் எத்தனை பழையது என்பதற்கு அது ஒரு சாட்சி.

மதுரை மிஷன் தொடங்கியது 1606-இல். ராபர்ட் தெ நொபிலி சந்நியாசிக் கோலத்தில் உயர்சாதியாரிடம் போனார். அப்படிப் போனவர் ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியாது. பழகினால் மேல்தெரு கதவடைத்துவிடும். ஆகவே 1640-இல் பல்தசார் தா கோஸ்தா என்ற குருவிலிருந்து பண்டாரசாமிகள் என்று தனி வகைக் குருக்கள் வந்தார்கள். அவர்கள் எல்லாச் சாதியாரிடமும் போகலாம். இதைப் பெரிய தந்திரம் என்று பாராட்டி எழுதியவர்கள் உண்டு. நம் பார்வையில், ஒரே வேதத்துக்கு இரண்டு வாசல் அன்றே வைக்கப்பட்டுவிட்டது. வாசல் இரண்டானால் இருக்கையும் இரண்டாகும், கல்லறையும் இரண்டாகும்.

பிறகு 1773-இல் ரோமாபுரியே இயேசு சபையைக் கலைத்தது. அந்தச் சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838-இல். இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளில் எப்போதாவது ஒரு சாமியார் வருவார், போவார். ஊர்களில் ஜெபத்தை அணையாமல் வைத்திருந்தவர்கள் உபதேசியார்களும் சாதாரணச் சனங்களும்தான். கூரை ஒழுகினால் ஓலை மாற்றியவர்கள், மண்சுவர் கரைந்தால் சாந்து குழைத்தவர்கள் யார் என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சீரமைப்பு என்று இன்று நாம் சொல்லும் வேலையை ஊதியமில்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் அவர்கள்.

கொடுத்தவர் பெயரைக் கோயிலே சுமக்கும் ஊரும் பக்கத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1785-இல் எழும்பிய குளோரிந்தா ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். விதவையான பிராமணப் பெண், ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதற்காக ஞானஸ்நானம் தள்ளிப்போடப்பட்டவர். அவர் கொடுத்த பணம் ஏற்கப்பட்டது. அவர் பெயரும் நின்றது. எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

சுவர் எடுப்பதும் ஒரு சீரமைப்புதான் என்பதற்கு வடக்கன்குளம் இருக்கிறது. தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அவரை 2022 மே 15 அன்று திருச்சபை புனிதராக அறிவித்தது. அந்த ஊரில் 1872-இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்தைப் படத்தில் பார்த்தால் யாரும் வியப்பார்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு நீண்ட மண்டபங்கள் கவட்டைக் கம்பு போல இரு பக்கமாகப் பிரியும். ஒன்றில் வேளாளரும் அவர்களைச் சேர்ந்தவர்களும், மற்றொன்றில் நாடாரும் மற்றவர்களும். ஒரே பூசை, ஒரே குரு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக் கலைக்காரர்கள் இதை அபூர்வம் என்பார்கள். சாதிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தால் இப்படித்தான் வரும் என்போம் நாம்.

1910-இல் கௌசானல் அடிகளார் தடுப்பை நீக்கினார். பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவர் அவர்தான். ஊர் இரண்டுபட்டது. கோயிலில் தங்களுக்குத் தனி உரிமை உண்டு என்று பிள்ளைமார் தரப்பு நீதிமன்றம் போனது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது. பார்த் என்பவர் அன்றைய ஆயர். சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. இந்தத் தகராறு வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே நடந்தது, தலித்துகள் முன்னணியில் நின்ற வழக்கு அல்ல. ஆனாலும் அதில் நமக்கான பாடம் இருக்கிறது. தேவாலயம் என்று நேர்ந்துவிட்ட பிறகு அது ஒரு சாதியின் தனிச்சொத்து ஆகாது.

அந்தத் தீர்ப்புக்கு நூறு ஆண்டு கடந்துவிட்டது. விழுப்புரம் பக்கம் ஏறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் நடந்த வன்முறையும் துப்பாக்கிச் சூடும் நாம் அறிந்ததே. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் ஆலய நிர்வாகத்திலும் திருவிழாவிலும் சமபங்கு இல்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் தொடுத்த வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் விளக்கம் கேட்டது. இந்த ஊர்களில் எல்லாம் கோயில் இடிந்து கிடக்கவில்லை. வெள்ளையடித்து, விளக்குப் போட்டு அழகாகத்தான் இருக்கிறது.

மேலிடம் தெரியாமல் இருக்கிறதா என்றால், இல்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டில் உள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை நடைமுறை இருக்கிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டது. மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் நாம். தேர் இழுக்க, கூட்டம் காட்ட, எண்ணிக்கை சொல்ல நாம் வேண்டும். நிதிக் குழுவில் நம் பங்கு எத்தனை என்று ஒவ்வொரு பங்கிலும் எண்ணிப் பார்த்தால் தெரியும்.

இனி அரசு மானியத்துக்கு வருவோம். மாணவர்கள் இதைக் கவனமாகப் படித்து ஊரில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொந்தக் கட்டடத்தில் இயங்கும் தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு 2016-17 முதல் நிதி கொடுத்து வருகிறது. முதலில் அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய்தான். படிப்படியாக உயர்ந்து, அண்மை ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியர்கள் வெளியிட்ட அறிவிப்புகளின்படி 10 முதல் 15 ஆண்டு வயதான கட்டடத்துக்கு 10 லட்சம், 15 முதல் 20 ஆண்டுக்கு 15 லட்சம், 20 ஆண்டுக்கு மேற்பட்டதற்கு 20 லட்சம் ரூபாய் வரை. பீடம், கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர், ஒலிபெருக்கி என்று பல வேலைகளும் இதற்குள் வருகின்றன. ஆட்சியர் தலைமையிலான குழு இடத்தைப் பார்த்து, ஆவணங்களைச் சரிபார்த்துப் பரிந்துரைக்கும். பணம் இரண்டு தவணையாகத் தேவாலயத்தின் வங்கிக் கணக்குக்கே வரும்.

நிபந்தனைகளில்தான் சிக்கல். இடமும் கட்டடமும் பதிவுத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும். சீரமைப்புக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கியிருக்கக் கூடாது. ஒருமுறை வாங்கினால் ஐந்து ஆண்டுக்கு மறுபடி கேட்க முடியாது. காகிதத்தில் பார்த்தால் எல்லாம் நியாயம். ஆனால் எந்தக் கோயிலிடம் பதிவுப் பத்திரம் இருக்கும்? மெயின் ரோட்டில் நிற்கும் பங்குக் கோயிலிடம் இருக்கும். காலனிக்குள் நத்தம் புறம்போக்கில் பாட்டனார் காலத்தில் கட்டிய ஓட்டுக்கூரை ஜெபக்கூடத்திடம் இருக்காது. சொந்த வீட்டுக்கே பட்டா கேட்டு ஜமாபந்தியில் மனுப்போட்டுக்கொண்டிருப்பவர்கள் கோயிலுக்கு எங்கே போவார்கள்?

பத்திரம் இருந்தாலும் அது பெரும்பாலும் மேலிடத்தின் பெயரில்தான். கத்தோலிக்கரில் மறைமாவட்டம், சங்கரன்கோவில் பகுதி 1973-இல் உருவான பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் திருநெல்வேலித் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. சங்கம். ஆகவே பங்குச் சாமியாரோ சேகரகுருவோ கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் நகரும். ஒரு பங்கில் தாய்க்கோயில் ஒன்று, கிளைக் கிராமங்கள் பல. முதலில் எந்தக் கோயிலுக்கு விண்ணப்பிப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பங்குப் பேரவை. பேரவையில் யார் இருக்கிறார்கள்? மறுபடியும் வரி நோட்டில் வந்து நிற்கிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கலாம். ஆனால் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியால், கிறிஸ்தவராகப் பதிவான தலித் அந்தத் தொகுதியில் நிற்க முடியாது. சீக்கியருக்கு 1956-இலும் பவுத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும், 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர். அரசிடம் போனால் நீ கிறிஸ்தவன், சாதி இல்லை என்கிறார்கள். கோயிலுக்குப் போனால் நீ எந்தத் தெரு என்கிறார்கள். சீரமைப்பு மானியமும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை வழியாகத்தான் வருகிறது. ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் போய் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இருபது லட்சம் பெரிய தொகையாகத் தோன்றும். பழைய கட்டடத்தில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், அது கூரைக்கே சரியாகிவிடும். பனங்கையைக் கறையான் தின்றிருக்கும். தேக்கு உத்தரம் உளுத்திருக்கும். மீதிக்கு ஊர்ப்பணம்தான். நம் பக்கத்து ஊர்ப்பணம் என்றால் ஊரில் மட்டும் இருப்பதல்ல. தாராவியில் இருக்கிறது, திருப்பூரில் இருக்கிறது, வளைகுடா நாட்டில் இருக்கிறது. பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பிப் போன தலித் குடும்பங்கள் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது கை நிறையக் கொண்டுவருகிறார்கள். கிராமப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியும் பணம்தான். அதை விற்றுக் கட்டிய கோயில்கள் திருநெல்வேலிச் சீமையில் உண்டு.

வேலை செய்கிற கையும் பணம்தான். இதை எங்கும் எழுதுவதில்லை. டியூப் லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதும் ஊர் நம்முடையது; வெளிச்சத்தைவிட எழுத்து பெரிதாக இருக்கும். ஒரு பழைய சுண்ணாம்புச் சுவரைச் சீராக்குவது எத்தனை பாடு என்று பாருங்கள். சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைக்க வேண்டும். அவசரத்துக்குச் சிமெண்டை அடித்துவிட்டால் என்ன ஆகும்? சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விடும் தன்மை உடையது. சிமெண்டுப் பூச்சு அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, சில மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். மேலே ஆயில் பெயிண்டும் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பல ஊர்களில் பழையதை இடித்துவிட்டு உயரமான கோபுரத்தோடு புதுக்கோயில் கட்டுவதுதான் பெருமை என்று நினைக்கிறார்கள். இடித்தபின் முந்நூறு ஆண்டு வரலாற்றுக்குப் போட்டோதான் மிச்சம்.

இந்தச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். இருப்பவர்களிலும், அவர்களோடு சட்டி சுமக்கும் சித்தாள்களிலும் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட தெருக்காரர்கள். பீடத்தின் உச்சி வரை ஏறிச் சாந்து பூசலாம், கோயில் திறந்த பிறகு அந்தப் பீடத்தருகே நின்று வாசகம் வாசிக்க முடியாது என்றால் என்ன நியாயம்? பழைய வேலையைத் தெரிந்த பெரியவரிடம் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ள நம் பாலிடெக்னிக் மாணவர்கள் முன்வந்தால் அது தொழிலும் ஆகும். சுண்ணாம்பு வேலைக்குத் தனிக் கூலி கேட்கலாம். தருவார்கள், ஆள் இல்லை.

நம் பக்கமும் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். பள்ளர் தெரு, பறையர் தெரு, அருந்ததியர் தெரு என்று நமக்குள்ளும் வாசல் வைத்திருக்கிறோம். கிளைக் கிராமக் கோயிலில் நாமே பெரும்பான்மையாக இருக்கும்போது அருந்ததியர் வீட்டுக்கு வரி நோட்டு போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தாய்க்கோயிலில் போய்க் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. சீரமைப்பு தொடங்கும் முன் ஊர்க்கூட்டம் எல்லாத் தெருவையும் கூட்டி நடக்க வேண்டும். வரி போடுவதானால் எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி, ஒரே நோட்டு. முடியாத வீட்டுக்கு வேலைநாளை வரியாகக் கணக்கில் வைக்கலாம். நாலு நாள் சாந்து சுமந்தவர் பெயரும் அதே நோட்டில் ஏற வேண்டும். மானியம் எவ்வளவு வந்தது, எந்தத் தவணை, எதற்குச் செலவு என்று கோயில் வாசல் பலகையில் எழுதிப்போட வேண்டும். அரசுப் பணம் என்பதால் மாவட்ட அலுவலகத்தில் உள்ள ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் முடியும். புதுப்பித்த கோயிலின் முதல் சப்பரம் எந்தெந்தத் தெரு வழியாகப் போகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முடிந்தபின் கேட்டால், பாதை குறுகல், மின்கம்பி தாழ்வு என்று காரணம் வரும்.

அசனத்தையும் விட்டுவிடக் கூடாது. நம் சீமைக் கோயில்களில் அசனம் என்றால் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. அரிசி யார் கொடுத்தது, யார் வடித்தது, யார் பரிமாறியது என்று பார்த்தால் அந்த ஊர்க் கோயிலின் நிலைமை அரைமணி நேரத்தில் விளங்கிவிடும்.

தென்காசி தனி மாவட்டமாகி 2019 நவம்பரோடு சங்கரன்கோவில்காரர்களுக்குத் திருநெல்வேலி அலைச்சல் மிச்சம். மானியத்துக்கான விண்ணப்பப் படிவம் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் இணையதளத்தில் இருக்கிறது; ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலப் பிரிவிலும் விசாரிக்கலாம். போகும்போது இடத்தின் பத்திரம், கட்டடத்தின் வயதுக்கான சான்று, பொறியாளரின் மதிப்பீடு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் இல்லாத ஜெபக்கூடமாக இருந்தால் முதலில் வருவாய்த்துறையில் நிலத்தின் நிலையை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். மனுவில் கிளைக் கிராமத்துத் தலைக்கட்டு எல்லாம் கையெழுத்துப் போடட்டும், பெண்களும் சேர்த்து.